மூடி வைத்த அப்பம்

ஜூன் 4, ஞாயிறு

இன்றையிலிருந்து எங்கள் வீட்டு ஹால் ஒரு திருச்சபை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சோபா வராண்டாவில் நிற்கிறது, டிவி மேல் போர்வை கிடக்கிறது, தரை முழுக்கப் பாய். என்ன கூத்து இது என்று கேட்டேன். ஆதிக் கிறிஸ்தவர்கள் வீடுகளில்தான் கூடினார்களாம். கோவில், கோபுரம், கமிட்டி எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்த குப்பையாம்.

இதைச் சொல்கிறவர் யார்? என் வீட்டுக்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் எட்வின் பொன்னையா. ஊரில் இருந்த காலம் முழுக்கச் சபைச் செயலராக இருந்தவர். பாளையங்கோட்டைக்கு வீடு கட்டி வந்த பிறகும் கோவில் தேர்தல் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இந்த ஏப்ரலில் நின்று தோற்றுப்போனார். தோற்ற மறுவாரமே ஆதித் திருச்சபை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஜெயித்திருந்தால் இந்தப் பாய்கள் பரணிலேயே கிடந்திருக்கும்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மருந்துக்கடை ஆசீர், அவர் தம்பி இம்மானுவேல், அடுத்த தெருவிலிருந்து லில்லி அக்கா, அவள் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மற்றவர்கள் இவரிடம் படித்த பையன்களும் அவர்கள் பெண்டாட்டிமாரும். ஜெபம் முடிந்ததும் "அன்பின் விருந்து" என்று அறிவித்தார். முதல் நூற்றாண்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். சாப்பிட்டார்கள். சமைத்தது நான், பரிமாறியது நான், அண்டா தேய்த்தது நான். முதல் நூற்றாண்டில் இந்த வேலையெல்லாம் யார் செய்தார்கள் என்று கேட்டேன். அதை யாரும் எழுதி வைக்கவில்லையாம்.

எப்படி எழுதியிருப்பார்கள்? எழுதியவர்கள் ஆம்பிளைகள்.

ஜூன் 7, புதன்

அப்போஸ்தலர் காலத்துப் போதனை என்று எதையோ செல்போனில் இறக்கி, ஜெராக்ஸ் எடுத்து, சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அதன்படி புதனும் வெள்ளியும் நோன்பு. மத்தியானம் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர்தான். பதினோரு மணியிலிருந்து அடுக்களை வாசலில் வந்து நின்று, "குழம்பு கருகுற மாதிரி வாசம் வருதே" என்று நாலு தடவை சொன்னார். குழம்பு கருகவில்லை. மூன்று மணிக்கு உட்கார்ந்து இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டார். எனக்குத்தான் அடுப்பு வேலை இரட்டிப்பு.

ஜூன் 11, ஞாயிறு

இன்றைக்குக் கால் கழுவுதல். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோர் காலையும் கழுவினார். லில்லி அக்கா மட்டும், "என் காலத் தொடாதீங்க சார், சுகர் புண்ணு இருக்கு, ஒங்களுக்குக் கட்டுப் போடத் தெரியாது" என்று காலை இழுத்துக்கொண்டாள். ஹால் முழுக்கத் தண்ணீர். நல்ல துண்டுகள் ஆறு பாழ்.

பிறகு அப்பம் பிட்குதல், கோவிலில் நற்கருணை என்போமே, அதுதான். கோவிலில் கொடுக்கிற காகிதம் போன்ற வட்டங்கள் கூடாதாம். ஒரே அப்பம், அதைப் பிட்டு எல்லோரும் தின்ன வேண்டுமாம். புளிக்காத மாவில் தோசைக்கல்லில் பெரிதாக ஒரு ரொட்டி சுட்டேன். உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து ரசம் எடுத்தேன். ரொட்டி கை மாறி மாறி வந்து, லில்லி அக்கா பிய்த்து என்னிடம் நீட்டினாள். வாங்கி வாயில் வைத்ததை விழுங்க எனக்கு நேரமாயிற்று. மாவில் உப்புக் கூடிவிட்டது, அதனால் இருக்கும்.

ஜூன் 18, ஞாயிறு

புது விதி. ஜெராக்ஸில் பதினாலாம் பகுதியில் இருக்கிறதாம்: ஒருவரோடு ஒருவர் மனஸ்தாபத்தில் இருக்கிறவர்கள் ஒப்புரவாகிற வரைக்கும் அப்பத்தில் கூடக் கூடாது, கூடினால் காணிக்கை தீட்டுப்பட்டுப்போகும். மலைப்பிரசங்கத்திலும் ஆண்டவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டி முடிப்பதற்குள் இவர் ஆசீரையும் இம்மானுவேலையும் பார்த்தார்.

அண்ணனும் தம்பியும் ஒரே காம்பவுண்டில் இருந்துகொண்டு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தம்பி வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் அண்ணன் வீட்டுக் கிணற்றோரம் போகிறது, அதுதான் சண்டை.

"நீங்க ரெண்டு பேரும் பேசுற வரைக்கும் நம்மள்ல ஒருத்தரும் பிட்கப்போறதில்ல" என்று சொல்லி அப்பத்தை வெள்ளைத் துணியால் மூடிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒருவன் செய்த தப்புக்கு வகுப்பு முழுக்க நிற்க வைப்பாரே, அதே வழக்கம். ஆசீர் சாப்பிடாமல் போய்விட்டார். அவருக்கென்று எடுத்து வைத்த மீன் வறுவலை மற்றவர்கள் தின்றார்கள்.

ஜூன் 22, வியாழன்

இம்மானுவேல் ஆள் வைத்துச் சாக்கடையைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டானாம். ஆசீர் போய்க் கட்டிப்பிடித்து அழுதாராம். இவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, முதல் நூற்றாண்டு வேல செய்யுது" என்றார். ஏதோ மாத்திரை வேலை செய்கிற மாதிரி.

ஜூன் 25, ஞாயிறு

அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் கண் கலங்கியது, எனக்கும்தான். இவர் துணியை எடுத்தார். எடுத்த மனிதர் பேசாமல் பிட்க வேண்டியதுதானே? "வேறு யாருக்காவது யார்மீதாவது மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்டார்.

ஆசீர் தொண்டையைச் செருமினார். "நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்கக் கூடாது. பியூலா அக்காவுக்கும் திசையன்விளைத் தங்கச்சிக்கும் பேச்சு இல்லன்னு கேள்விப்பட்டேன். அது சரியாயிட்டா?"

நான் கையில் கரண்டியோடு அடுக்களை வாசலில் நிற்கிறேன். அத்தனை தலையும் திரும்பியது. ஆசீர் முகத்தில் போன வாரத்து மீன் வறுவல் தெரிந்தது.

"சகோதரி பியூலா" என்றார் என் வீட்டுக்காரர். முப்பத்தாறு வருஷமாக "ஏ, இங்க வா" என்று கூப்பிடுகிறவர். "சகோதரி பியூலா, இது உண்மையா?"

உண்மையா என்று என்னிடம் கேட்கிறார்! நான் உள்ளே போய்க் குழம்பைக் கிளறினேன். அவர் அப்பத்தை மூடினார்.

ஜூன் 26, திங்கள்

நேற்று மூடிய ரொட்டியை என்ன செய்ய? ஜெபித்துப் பிட்காததால் அது வெறும் ரொட்டிதான் என்கிறார், ஆனால் தின்னமாட்டாராம், மனசு ஒப்பவில்லையாம். வீசவும் கூடாதாம். மீன் குழம்பு மிச்சம் இருந்தது, தொட்டு நானே தின்றேன்.

என் தங்கச்சி ஹெப்சி பேசிய பேச்சுக்கு நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்? என்னைச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். ஊரே கூடி நிற்கும்போது என் வீட்டுக்காரரைச் சொன்னாள். ஒரு பெண்டாட்டி அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த வார்த்தையை இங்கே எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

மூடியேதான் இருந்தது.

எல்லோரும் என்னிடம் அப்படி ஒரு அன்பாகப் பேசுகிறார்கள், எரிச்சலாக வருகிறது. "ஒங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணுதோம்க்கா" என்று ஒரு சின்னப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். நான் இடுப்பில் அண்டாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஜெபிக்கிற நேரத்துக்கு இதை ஒரு பக்கம் பிடித்தால் என்ன?

லில்லி அக்கா மட்டும் ஜெபம் கிபம் என்று பேசவில்லை. அடுக்களைக்குள் வந்து முருங்கைக்காய் நறுக்கினாள். "அவ என்னதான் சொன்னா?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. "சரி, சொல்லாண்டாம். என்னத்துக்குச் சொன்னா?" என்றாள். நான் அவள் நறுக்கியதைப் பார்த்தேன். காயை நீளமாக நறுக்கிவிட்டாள், குழம்புக்கு ஆகாது.

ஜூலை 9, ஞாயிறு

மூன்றாவது வாரமாக மூடல். பையன்களில் இரண்டு பேர் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு பிடித்துக்கொண்டேன். "வேதத்துல என்ன போட்டிருக்கு? ஒம்மேல யாருக்குக் குறை உண்டோ அவங்கிட்டப் போன்னு போட்டிருக்கு. குறை எனக்கு, அவ மேல. அப்படின்னா போகவேண்டியது அவளா, நானா?"

"அவளுக்கும் ஒம்மேல ஏதாவது இருக்கும்லா?"

"என்ன இருக்கும்? அன்னைக்கு நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல."

அவர் ஜெராக்ஸைப் புரட்டினார். நான் விடவில்லை. "ஒங்க மேல யாருக்கும் குறை இல்லியா?"

மனிதர் யோசித்தார். நடிப்பில்லை, உண்மையாகவே கண்ணை மூடி, நெற்றியைத் தடவி யோசித்தார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். "எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல" என்றார்.

நான் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தேன்.

ஜூலை 12, புதன்

ஆதிச் சபையில் ஞானஸ்நானம் ஓடுகிற தண்ணீரில் கொடுத்தார்களாம். குழந்தைக்கு நெற்றியில் மூன்று சொட்டுத் தெளிப்பது பிற்காலத்துப் பழக்கமாம். அதனால் ஆகஸ்டில் எல்லோரையும் தாமிரபரணிக்கு அழைத்துப் போய் முழுக்கு ஞானஸ்நானம். முதலில் இறங்குவது இவர்தானாம். அறுபத்தாறு வயதில். "நீயும்தான்" என்றார். நோன்பு முடித்துச் சோறு உருட்டிக்கொண்டே, மழை வரும்போல என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று. மோர் கேட்டார்.

சரி, எழுதித்தான் விடுகிறேன். அப்பா செத்த பிறகு அம்மா ஹெப்சி வீட்டில் இருந்தாள். ஹெப்சி கல்யாணம் ஆன நாளிலிருந்து பெந்தெகொஸ்தே சபை. எழுபத்திரண்டு வயதில் அம்மா கடலில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். ஹெப்சி கட்டாயப்படுத்தினாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மாவைக் கட்டாயப்படுத்த ஆண்டவராலும் முடியாது, அது எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் செத்துப்போனாள். அப்பா பக்கத்தில் புதைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஹெப்சி பெட்டியை வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தாள். எங்கள் சபையில் சட்டம்: வேறு சபையில் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. குருவானவர் ஐயர் வெளியூர் போயிருந்தார். செயலர்தான் கேட் பக்கத்தில் நின்று சொன்னார். சட்டத்தை அவரா எழுதினார்? இல்லை. அவர் வேலை அது, சொன்னார்.

அப்போதுதான் ஹெப்சி அந்த வார்த்தையைச் சொன்னாள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, ஊர் கேட்க: "ஆண்டவரே உசுரோட வந்தாலும் இந்த மனுசன் மெம்பர் கார்டு இருக்கான்னு கேப்பாரு!" நாலு பேர் சிரித்தார்கள். என் புருஷனைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றோடு சரி, அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. வேன் திரும்பிப் போய்விட்டது.

ஜூலை 16, ஞாயிறு

ஏழு பேர்தான். இவர் பிரசங்கத்தில், ஒரே ஒருவருடைய கடின இருதயத்தால் ஒரு சபையே பட்டினி கிடக்கிறது என்றார். பெயர் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கரண்டி என் கையில் இருந்தது.

பட்டினியாம்! வந்த ஏழு பேரும் சொதி ஊற்றி மூன்று தடவை சோறு வாங்கினார்கள்.

ஜூலை 17, திங்கள்

சித்தி மகள் போன் செய்தாள். ஹெப்சி வீட்டை விற்றுவிட்டாளாம். அவள் வீட்டுக்காரர் போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறாள். மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம், இந்த மாசக் கடைசியில். "இனி இந்தப் பக்கம் அவ எங்க வரப்போறா" என்றாள்.

எனக்கென்ன. போகட்டும். அவளுக்குச் சீரகம் வாசனையே ஆகாது, கோயம்புத்தூர்க்காரர்கள் எதில் என்ன போடுவார்களோ, யார் கண்டது.

ஜூலை 18, செவ்வாய்

ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. கொசு.

ஜூலை 19, புதன்

இவர் நோன்பில் இருந்தார். "நான் ஒரு எடம் போயிட்டு வாரேன், சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு திசையன்விளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். அப்பத்துக்காகப் போகவில்லை. ஆசீருக்காகவும் போகவில்லை. அவள் போகிறாள் என்றார்கள், அதனால் போனேன்.

ஹெப்சிதான் கதவைத் திறந்தாள். வெள்ளைச் சேலை, மூளிக் காது, தலை பாதி நரைத்துவிட்டது. அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். பார்த்தாள். "செருப்ப அங்கன போடு, உள்ள எல்லாம் அட்டப்பெட்டியாக் கெடக்கு" என்றாள். ஒன்பது வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அது.

காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "எங்க வீட்டுல ஒரு சபை நடக்கு. நீயும் நானும் பேசாம இருக்கதால ஒருத்தருக்கும் அப்பம் கெடையாதாம். அதான் பேச வந்தேன்."

"பேசிட்டியா? அப்போ கிளம்பு."

"ஏட்டி, நீதான என் வீட்டுக்காரர அத்தன பேரு முன்னால அப்படிச் சொன்ன!"

"சொன்னேன். அந்த வார்த்த தப்பு. அன்னைக்கு ராத்திரியே முழங்கால்ல நின்னு மன்னிப்புக் கேட்டுட்டேன். ஒங்கிட்டயும் இப்பம் கேக்கேன். போதுமா? நீ என்னத்த விட்டுக்கொடுத்த? என் அம்மா பெட்டிய ஆணியடிச்ச மூடியோட வேனுக்குள்ள வச்சுக்கிட்டு, மே மாச வெயில்ல அறுவது கிலோமீட்டர் திரும்பி வந்தேன். ஒனக்கு அவ அம்மா இல்லியா? நீ வேன்ல ஏறுவன்னு நெனச்சேன்."

காப்பி ஆறிப்போயிருந்தது. நான் அதைக் குடித்து முடித்தேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கத்தினோம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்பா இருந்தபோது யாருக்கு அதிகம் செல்லம் என்பது வரைக்கும் போய்விட்டது. கத்திக் களைத்து ஹெப்சி ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"யக்கா, ஒம்மேல எனக்குக் கோவம் உண்டு, ஆனா அது தீரக்கூடிய கோவம். நீ வாசல்ல வந்து நின்னதுமே பாதி தீந்துட்டு. அன்னைக்குக் கேட்ட மறிச்சுக்கிட்டு நின்னது நீ இல்லியே. அத்தான் ஒரு நாளு வருவாவ, வந்து ஒரு வார்த்த சொல்லுவாவன்னு இருந்தேன். சட்டத்துக்காகச் சொன்னேன், மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சுன்னு சொன்னாக்கூடப் போதும். ஒரு கார்டு போடல. இப்பம் நானும் போறேன். அப்பா அங்க தனியாக் கெடக்காரு, அம்மா இங்க தனியாக் கெடக்கா. அவள விட்டுட்டுப் போறேன் பாரு, அதுதான் எனக்குத் தாங்கல."

என்னைக் கல்லறைக்கு அழைத்துப் போனாள். அவர்கள் சபைக்குத் தேரிப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. சிவப்பு மணல், நாலு பனை, சிமென்ட் பூசிய ஒரு மேடு. பெயரையும் தேதியையும் ஆணியால் கீறியிருக்கிறார்கள். நான் பார்ப்பது முதல் தடவை. காற்றில் மணல் பறந்து கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் பிடித்து அழுதோம், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இவர் ஆகஸ்டில் ஆற்றில் முழுக்கு எடுக்கப்போகிறார் என்பதை அங்கே வைத்துச் சொன்னேன். ஹெப்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யாரு? அத்தானா?" என்றாள். பிறகு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேல் அல்ல.

ஜூலை 21, வெள்ளி

இவர் என்னிடம் கேட்டதெல்லாம், "பேசியாச்சா?" பேசியாச்சு என்றேன். "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் போன் போட உட்கார்ந்தார். அவள் என்ன சொன்னாள், எப்படி இருக்கிறாள், ஒரு கேள்வி கிடையாது. நானாகச் சொல்ல வாயைத் திறந்தேன். "ஞாயித்துக்கெழம சாட்சியாச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

சரி. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

ஜூலை 23, ஞாயிறு

ஹால் நிறைந்துவிட்டது. வராமல் போன பையன்களும் வந்திருந்தார்கள். இவர் வெள்ளை ஜிப்பாவில் பளிச்சென்று இருந்தார். "சகோதரி பியூலா தன் தங்கையோடு ஒப்புரவாகிவிட்டார்கள்! அப்பத்துக்கு இருந்த தடை நீங்கிற்று!" என்று சொல்லித் துணியை எடுத்தார். ஆசீர் அல்லேலூயா என்றார்.

"மூடுங்க" என்றேன்.

எனக்கே என் சத்தம் அந்நியமாக இருந்தது. இவர் காதில் விழாத மாதிரி அப்பத்தைக் கையில் எடுத்தார்.

"மூடுங்கன்னு சொல்லுதேன். ஹெப்சிக்கு என்மேல இருந்த குறை தீந்துபோச்சு. ஒங்க மேல இருக்கது தீரல."

"எம்மேலயா? எம்மேல என்ன?"

அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக வாய்க்குள் கிடந்தது எல்லாம் வந்துவிட்டது. அம்மா பெட்டி, வேன், கேட், செயலர், சட்டம், அத்தனையும் சொன்னேன். ஹெப்சி சொன்ன வார்த்தையையும் விடவில்லை, மெம்பர் கார்டு வரைக்கும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "அந்த வார்த்தைக்காக நான் கூடப்பிறந்தவள ஒம்பது வருசம் ஒதுக்கி வச்சேன். ஒங்க மானத்துக்காக. நீங்க என்னடான்னா, எம்மேல யாருக்கும் குறை இல்லன்னு நெத்தியத் தடவுறீங்க! எங்க அம்மா கடல்ல முங்கினான்னு ஆறடி மண்ணு இல்லன்னீங்க. இப்பம் நீங்க ஆத்துல முங்கப் போறீங்க. நீங்க முங்கினா அது முதல் நூற்றாண்டு, அவ முங்கினா அது சட்ட விரோதமா?"

இவர் முகம் செத்துவிட்டது. அப்பம் கையிலேயே இருந்தது. "அது சபைச் சட்டம். நான் செயலர். நான் என்ன செய்திருக்க முடியும்?" என்று மெதுவாகச் சொன்னார்.

லில்லி அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "சார், நான் இந்தச் சபை வரலாறெல்லாம் படிக்காதவ, கேக்கேன்" என்றாள். "அந்தச் சட்டம் முதல் நூற்றாண்டுல உண்டுமா?"

ஆசீர் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இவர் ஜெராக்ஸைப் புரட்டுவார் என்று நினைத்தேன். அதன் பக்கம் கையே போகவில்லை. எனக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்பத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். துணியை அவரே மூடினார். "எனக்குத் தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமல். "அத்தைக்கு அன்னைக்கு எடம் விட்டிருக்கலாம். ஐயர் வர்றதுக்குள்ள முடிச்சிருக்கலாம். கேட்டத் தொறந்தா அடுத்த தேர்தல்ல பேசுவாங்கன்னு பயந்தேன்." பிறகு ஜிப்பாவோடு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இம்மானுவேல் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அவன் மட்டும் திரும்பி வந்தான். "திசையன்விளை பஸ்ஸு" என்றான்.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. போங்கள் என்று சொன்னேன், அசையவில்லை. சாப்பிடச் சொன்னேன், அவர் வரட்டும் என்றார்கள். யாரோ ஒரு பெண் போய்ப் பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். நான் கூடம் முழுக்க நடந்துகொண்டிருந்தேன். அவர் வழியிலேயே இறங்கித் திரும்பி வந்துவிடுவார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கோபித்துக்கொண்டு ஊர்ப் பக்கம் போய்விடுவார் என்றும் தோன்றியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று ஒரு தடவை நினைத்தேன். உடனே, ஏன் சும்மா இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

மத்தியானம் போன் அடித்தது. ஹெப்சி.

"யக்கா, அத்தான் வந்திருக்காவ." "கேட்டுக்கு வெளியவே நிக்காவ. வேர்த்து ஊத்துது, உள்ள வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டேங்காவ. 'நான் அன்னைக்கு ஊரு கேக்கத்தான போகச் சொன்னேன், நீயும் ஊரு கேக்கச் சொல்லு, வரச் சொன்னா வாரேன், போகச் சொன்னா போறேன்'னு நிக்காவ. தெருவே வேடிக்க பாக்குது. எனக்குக் கை காலு ஓடல. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"எங்கிட்டக் கேக்காத. ஒன் வாசல். நீதான் சொல்லணும்."

அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஹாலில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியவில்லை. அவள் போகச் சொன்னாலும் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு ஹெப்சி, போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, தொண்டை கிழியக் கத்தினாள்.

"உள்ள வாங்க அத்தான்!"

ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.